ஆளே இல்லாத ஊரும் ஊர்தானா? எஸ்டோனியாவின் செட்டோமா பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எஸ்டோனியாவின் தென்கிழக்கு மூலையில் செட்டோமா வல்ட் என்று ஒரு நிர்வாகப் பகுதி இருக்கிறது, மொத்தமே 3,000 சொச்சம் பேர், ஆனால் அதன் கீழே 150-க்கும் மேற்பட்ட கிராமங்களின் பட்டியல் நீளமாக ஓடுகிறது, பலவற்றுக்கு நேரே மூன்று, ஐந்து, ஏழு என்றும் சிலவற்றுக்குப் பூஜ்யம் என்றும் போட்டிருக்கிறது. இது தரவுப் பிழையா, பிழை இல்லையென்றால் ஆளே இல்லாத இடத்தை எதற்குக் கிராமம் என்று வைத்திருக்கிறார்கள், நாலைந்தை ஒன்றாகச் சேர்த்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கையைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் ஒரு இடம் எதனால் ஊர் ஆகிறது, அங்கே குடியிருக்கும் தலைகளாலா அல்லது வேறு எதனாலாவதா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. செட்டோமா அந்தக் கேள்விக்கு வாய்த்த இடம்.

நான் எட்டு வருடமாகத் தார்த்து நகரத்தில் இருக்கிறேன். முகவரி, இடப்பெயர், எல்லைக்கோடு சம்பந்தப்பட்ட வரைபடத் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. செட்டோமாவுக்கு வேலையாகவும் விடுமுறையிலும் பலமுறை போயிருக்கிறேன். எஸ்டோனிய மொழி ஓரளவு பேசுவேன், செட்டோமாவின் மக்களான செட்டோக்கள் தங்கள் செட்டோ மொழியில் பேசினால் பாதிதான் பிடிபடும். அதனால் நிர்வாகம், எல்லை, கிராமம் என்பதைப் பற்றியெல்லாம் உறுதியாகச் சொல்வேன், அந்த மக்களின் மனதில் இருப்பதை மட்டும் அவர்கள் எனக்குச் சொன்ன அளவுக்கும் நான் கண்ணால் பார்த்த அளவுக்கும்தான் சொல்ல முடியும்.

முதல் விஷயம், அது பிழை இல்லை. குழப்பம் வருவது கிராமம் என்ற சொல்லால்தான். கிராமம் என்றதும் நமக்கு ஒரு ஊராட்சி, அதற்கு ஒரு தலைவர், ஓட்டுப் போட்ட வார்டு உறுப்பினர்கள், ஒரு அலுவலகம் என்று மனதில் வந்துவிடும். எஸ்டோனியாவில் அந்த வேலையைச் செய்வது வல்ட். தேர்தல் அதற்குத்தான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை அக்டோபரில் மக்கள் ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், மன்றம் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும், அவருக்கு வல்லவனெம் என்று பெயர், சொல்லுக்கு நேர்ப்பொருள் வல்ட்டின் மூத்தவர். 2017-லிருந்து உள்ளாட்சித் தேர்தலில் 16 வயதானவர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். 2005 உள்ளாட்சித் தேர்தலிலிருந்தே இணையம் வழியாக ஓட்டுப் போடும் வசதி இருப்பதால், காட்டுக்குள் ஒற்றை வீட்டில் இருக்கும் கிழவருக்கும் வாக்குச்சாவடி தேடிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளிக்கூடம், மழலையர் பள்ளி, உள்ளூர்ச் சாலை, நூலகம், தனியாக இருக்கும் முதியவர்களைக் கவனிப்பது எல்லாம் வல்ட்டின் பொறுப்பு. யார் அந்த வல்ட்டில் வசிப்பதாகப் பதிவு செய்திருக்கிறார்களோ அவர்களுடைய வருமான வரியில் ஒரு பங்கு அதற்கு வரும், நிலவரியும் அதற்கே. மேலே 15 மாவட்டங்கள் உண்டு, ஆனால் மாவட்ட நிர்வாக அலுவலகங்களை 2018 ஜனவரி 1 முதல் மூடிவிட்டார்கள், இப்போது மாவட்டம் என்பது கிட்டத்தட்ட ஒரு பெயரும் புள்ளிவிவரக் கட்டமும்தான். ஆக அரசு, அதற்கு அடுத்தபடி நேராக வல்ட்.

வல்ட்டுக்குக் கீழே வருவதுதான் நீங்கள் பார்த்த பட்டியல். பெரிய ஊருக்கு அலெவ், அதைவிடச் சிறியதற்கு அலெவிக், மற்றதெல்லாம் கியுலா, அதாவது கிராமம். செட்டோமாவில் வார்ஸ்கா ஒன்று மட்டும் அலெவிக், தலைமையிடமும் அதுவே, மீதி அத்தனையும் கியுலா. கியுலாவுக்கு அலுவலகம் கிடையாது, பட்ஜெட் கிடையாது, மன்றம் கிடையாது. ஊர்க்காரர்கள் விரும்பினால் கூடி ஒரு ஊர்ப் பெரியவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை, பனி பெய்தால் சாலையைச் சுத்தம் செய்ய வண்டி வரவில்லை என்று வல்ட்டுக்குப் போன் செய்வது, நடுக்கோடைத் திருநாளுக்குத் தீ மூட்ட ஆள் சேர்ப்பது மாதிரி. அதனால் ஆளில்லாத கிராமத்தைப் பட்டியலில் வைத்திருக்க ஒரு சென்ட்கூடச் செலவில்லை, அதை நீக்கினால் ஒரு சென்ட்கூட மிச்சமும் இல்லை. இன்னொன்று, நாட்டின் நிலம் முழுவதும், காடு, சதுப்பு, வயல் எதையும் விடாமல், ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள்ளோ நகரத்தின் எல்லைக்குள்ளோ வந்துவிடும்படி பிரித்திருக்கிறார்கள். கடைசியாக இருந்த பாட்டி இறந்துபோனாலும் அந்த நிலத்துக்குப் பெயர் இருந்தாக வேண்டும், எல்லை இருந்தாக வேண்டும். அங்கே முகவரி தெருவும் கதவு எண்ணுமாக இருக்காது. பண்ணை வீட்டின் பெயர், கிராமத்தின் பெயர், வல்ட், மாவட்டம், அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வழி கண்டுபிடிப்பதும் அதை வைத்துத்தான், காட்டுப் பாதை பிரியும் முக்கில் வரிசையாக நிற்கும் ஐந்தாறு தபால் பெட்டிகளில் எழுதியிருப்பதும் அந்தப் பண்ணைப் பெயர்கள்தான். முதல் தடவை போனபோது அந்தப் பெட்டிகளைப் பார்த்துத்தான் எனக்கு ஊர் ஆரம்பித்துவிட்டது என்றே தெரிந்தது. வீடுகள் கண்ணுக்குப் படவே இல்லை, பைன் மரங்களுக்குப் பின்னால் இருந்தன.

சேர்த்துவிடலாமே என்று கேட்டீர்கள். செய்து பார்த்திருக்கிறார்கள். சோவியத் காலத்தில், 1977-ல், நாடு முழுவதும் கிராமங்களை ஒன்றோடொன்று இணைத்து எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்தார்கள். காகிதத்தில் பெயர் போனது, பேச்சில் போகவில்லை. மக்கள் தங்கள் ஊரைப் பழைய பெயரிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு, குறிப்பாக 1990-களிலும் அதற்குப் பிறகும், இணைக்கப்பட்ட கிராமங்கள் பலவும் பழைய பெயரோடும் எல்லையோடும் மீண்டும் பட்டியலில் ஏறின. நீங்கள் பார்த்த நீளமான பட்டியலில் இப்படித் திரும்பி வந்தவையும் இருக்கின்றன. என் வேலையில் பழைய வரைபடத்தையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது இது நன்றாகத் தெரியும், நடுவில் ஒரு இருபது வருடம் காணாமல் போன பெயர் அதே மேட்டில் அதே ஓடைக்கரையில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.

சரி, இது எஸ்டோனியா முழுக்கப் பொருந்துகிற பதில். செட்டோமாவில் மட்டும் ஏன் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு சிறிய கிராமங்கள் என்பதற்கு வரலாறு கொஞ்சம் வேண்டும். எஸ்டோனியாவின் மற்றப் பகுதிகள் ரஷ்யப் பேரரசின் பால்டிக் மாகாணங்களில் இருந்தன, அங்கே ஜெர்மன் பிரபுக்களின் பண்ணைகள், லூத்தரன் தேவாலயம். 1866-ல் வந்த ஒரு சட்டம் அங்கே வல்ட்டைப் பிரபுவின் பிடியிலிருந்து விடுவித்துக் குடியானவர்களின் சொந்த நிர்வாகமாக ஆக்கியது. செட்டோமா அந்த மாகாணங்களில் இல்லவே இல்லை. அது ரஷ்ய மாகாணமான பிஸ்கோவைச் சேர்ந்தது. பேசும் மொழி எஸ்டோனியத்தின் தெற்கு வழக்குகளுக்கு நெருங்கியது, மதமோ ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம், நில வழக்கம் ரஷ்யக் கிராமங்களின் பாணி. நிலம் ஊருக்குப் பொது, வயல் நீளநீளமான பட்டைகளாகப் பிரிந்து எல்லோருக்கும் பங்கு, வீடுகள் ஒட்டி ஒட்டிக் கொத்தாக. எஸ்டோனியாவின் மற்ற இடங்களில் பண்ணைகள் வயலுக்கு நடுவே தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும், செட்டோ வீடு நான்கு பக்கமும் கட்டடம் சூழ, உயரமான மரக்கதவோடு, முற்றத்தை உள்ளே வைத்து மூடியிருக்கும். வார்ஸ்காவில் இருக்கும் பண்ணை அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு முற்றத்துக்குள் நின்று பார்க்கலாம், வெளியே காற்று அடித்தாலும் உள்ளே அடங்கியிருக்கும்.

1920-ல் எஸ்டோனியா ரஷ்யாவோடு செய்துகொண்ட தார்த்து உடன்படிக்கை வழியாகச் செட்டோமா முழுவதும் எஸ்டோனியாவுக்கு வந்தது, பெட்செரி மாவட்டம் என்று பெயர். பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை, 1920-களின் தொடக்கத்தில்தான் அதிகாரிகள் பதிவு செய்து கொடுத்தார்கள். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இன்றைய பூஜ்யங்களுக்கு வேர் இங்கே இருக்கிறது. அந்த நாட்டுப்புறத்துக்கு ஒரே ஒரு நகரம்தான், பெட்செரி. சந்தை அங்கே, ரயில் நிலையம் அங்கே, 1473-லிருந்து இருக்கும் மடாலயம் அங்கே, பெண் எடுப்பதும் கொடுப்பதும் அந்த வட்டாரத்துக்குள்ளே, சாலைகள் எல்லாம் அதை நோக்கித்தான் போட்டவை. இரண்டாம் உலகப் போர் முடியும் நேரத்தில் மாஸ்கோ ஒரு கோடு போட்டு, பெட்செரியையும் மாவட்டத்தின் பெரும்பகுதியையும் ரஷ்யாவின் பிஸ்கோவ் பிராந்தியத்தில் சேர்த்துவிட்டது. மிச்சம் எஸ்டோனியாவில். சோவியத் இருந்தவரை அது வரைபடத்தில் மட்டும் இருந்த கோடு, பேருந்து ஏறிப் பெட்செரிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். 1991-க்குப் பிறகு அதே கோடு இரண்டு நாடுகளின் எல்லை ஆனது, விசா வந்தது, சோதனைச்சாவடி வந்தது. பாதி ஊர்களுக்கு ஒரே நாளில் நகரம் இல்லாமல் போனது மாதிரி. கல்லறை ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். இளையவர்கள் தார்த்துவுக்கும் தலைநகர் தாலினுக்கும் போனார்கள். நாட்டுப்புறம் காலியாவது ஐரோப்பா முழுக்க நடப்பதுதான், ஆனால் இங்கே கூடுதலாக ஊரின் மையமே வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கோடு எவ்வளவு கோணலானது என்பதற்கு ஒரு சாலை போதும். லுட்டெபா என்ற கிராமத்திலிருந்து செஸ்னிக்கி என்ற கிராமத்துக்குப் போகும் சாலை, இரண்டும் எஸ்டோனியாவில், ஆனால் நடுவில் சுமார் ஒரு கிலோமீட்டர் ரஷ்ய மண்ணில் போகிறது. வரைபடத்தில் அந்தத் துண்டு பூட்ஸ் வடிவத்தில் இருப்பதால் சாட்சே பூட்ஸ் என்பார்கள். பல வருடங்கள் விசா இல்லாமலே காரில் அதைக் கடக்கலாம் என்றிருந்தது, நிபந்தனை ஒன்றுதான், நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது, நடந்து போகக்கூடாது. நானும் ஒருமுறை போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே காடு, ஒரே பாசி, எந்த வித்தியாசமும் இல்லை, ஆனால் ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் அந்த ஒரு கிலோமீட்டரும் வாயைத் திறக்கவில்லை. 2025 அக்டோபரில், அந்தத் துண்டில் ஆயுதம் ஏந்திய ரஷ்யர்கள் நிற்பதைப் பார்த்ததும் எஸ்டோனியா சாலையை மூடிவிட்டது. நிலத்தை மாற்றிக்கொண்டு இந்தக் கோணலை நேராக்க 2005-லும் 2014-லும் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தாகியும், இன்றுவரை அது நடைமுறைக்கு வரவில்லை. சாட்சே பக்கத்துக் கிராமங்களுக்கு இப்போது சுற்றுவழிதான்.

இனி வல்ட் எப்படி வந்தது என்பது. எல்லைக்கு இந்தப் பக்கம் மிஞ்சிய செட்டோ நிலம் இரண்டு மாவட்டங்களிலாக நான்கு வல்ட்டுகளில் கிடந்தது. மிக்கிட்டமாயே, வார்ஸ்கா இரண்டும் போல்வா மாவட்டம், மெரெமாயே, மிஸ்ஸோ இரண்டும் வோரு மாவட்டம். 2017-ல் நாடு தழுவிய சீர்திருத்தம் வந்தது, 213 உள்ளாட்சிகளை 79 ஆக்கினார்கள், ஒரு உள்ளாட்சிக்குக் குறைந்தது 5,000 பேராவது வேண்டும் என்பது விதி. செட்டோமாவின் நான்கையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது. எளிய வழி, ஆளுக்கொரு பக்கத்து வல்ட்டோடு சேர்ந்துவிடுவது. அவர்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, எங்களை ஒன்றாக விடுங்கள் என்று நின்றார்கள், சில தீவுகளுக்குக் கிடைத்த மாதிரி செட்டோமாவுக்கும் விதிவிலக்கு கிடைத்தது. புது வல்ட் முழுவதும் வோரு மாவட்டத்தில் வந்தது. மிஸ்ஸோவில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடி பதில் என்பேன். அந்த வல்ட்டில் எல்லோரும் செட்டோ இல்லை. பெரும்பகுதி பக்கத்து ரவ்கே வல்ட்டோடு போனது, லுஹாமா வட்டாரத்துக் கிராமங்கள் மட்டும் பிரிந்து செட்டோமாவோடு வந்தன. வட்டாரத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் நுல்க். செட்டோ நிலம் வழக்கமாகப் பன்னிரண்டு நுல்க், எந்த அரசுச் சட்டமும் உண்டாக்கிய பிரிவு அல்ல அது. ஒரு வல்ட்டை உடைக்கும்போது கோடு எங்கே போக வேண்டும் என்பதை அந்தப் பழைய நுல்க்தான், கிராமம் கிராமமாக, தீர்மானித்தது. கிராமங்களை ஏற்கெனவே பெரிய கட்டங்களாகக் கரைத்திருந்தால் இது முடிந்திருக்காது.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீங்கள் பார்த்தவை பதிவேட்டின்படி அல்லது கணக்கெடுப்பின்படி நிரந்தரமாக வசிப்பவர்கள். பூஜ்யம் என்று போட்ட கிராமத்தில் ஜூலை மாதம் போனால் மூன்று வீட்டில் புகைபோக்கி புகையும், சவ்னா என்கிற நீராவிக் குளியலறை சூடாகிக்கொண்டிருக்கும், தாலினிலிருந்து வந்த கார் நிற்கும். மறுபக்கம், ஏழு பேர் என்று போட்ட இடத்தில் இரண்டு பேர் பதிவை மட்டும் அம்மா வீட்டில் வைத்துவிட்டுத் தார்த்துவில் இருப்பார்கள், தங்கள் வரிப்பங்கு சொந்த வல்ட்டுக்குப் போகட்டும் என்பதற்காக அப்படி வைத்திருப்பவர்களை எனக்கே தெரியும். அதனால் வல்ட்டின் மொத்த எண்ணிக்கையை நம்புங்கள், தனிக் கிராமத்தின் எண்ணிக்கையை இரண்டு மூன்று கூடக்குறைய என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமான எண், 2011 கணக்கெடுப்பில் 12,500 பேருக்கு மேல் தங்களுக்குச் செட்டோ தெரியும் என்று சொன்னது. வல்ட்டில் இருப்பவர்களைப்போல் சில மடங்கு பேர் வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தக் கிராமப் பெயர்கள் வேண்டும். செட்டோக்கள் தனி இனமா, எஸ்டோனியர்களில் ஒரு பிரிவா, செட்டோ தனி மொழியா, வழக்கா என்பதெல்லாம் தீராத வாதம். ரஷ்யா 2010-ல் அவர்களைச் சிறுபான்மைப் பழங்குடிகள் பட்டியலில் சேர்த்தது, எஸ்டோனியா தனி இனமாக அங்கீகரிப்பதில்லை, அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்தும் உண்டு. இதில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பல கிராமங்களில் த்ஸாசொன் என்று ஒரு சிறிய மரக்கோயில் இருக்கும், நாலைந்து பேர் நின்றால் நிறைந்துவிடும், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது, உள்ளே துணி போர்த்திய படங்கள், மெழுகு வாசனை. மிக்கிட்டமாயேயில் உள்ள பழையதன் மரத்தை ஆண்டு வளையம் வைத்துக் கணித்து 1694 என்று சொல்லியிருக்கிறார்கள். அது திருச்சபைப் பங்குடையது என்பதைவிட அந்த ஊருடையது, வருடத்தில் ஒரு நாள் அந்தப் புனிதரின் திருநாள், அன்றைக்கு ஊரை விட்டுப் போனவர்கள் வருவார்கள். கூட்டமாகப் பாடுவார்கள், ஒருத்தி முதலடியை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பல குரலில் வாங்கிப் பாடும் லேலோ, 2009-ல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. கல்யாணமான பெண்களின் மார்பில் கூம்பு மாதிரிப் பெரிய வெள்ளி அணி, அதற்குமேல் நாணயம் கோத்த சங்கிலிகள், நடக்கும்போதே சத்தம் கேட்கும், வருவது தெரிந்துவிடும்.

செட்டோமாவின் ஒபினிட்சா கிராமத்தில் ஆகஸ்ட் 19-ம் தேதி, பழைய நாள்காட்டிப்படி ஆண்டவர் உருமாறிய திருநாள். தேவாலய வழிபாடு முடிந்ததும் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள், சொந்தக்காரர் புதைந்த மண்மேட்டின் மேலேயே சிவப்புப் பூவேலை செய்த துணியை விரித்து, சோயிர் என்கிற தயிர்க்கட்டிப் பாலாடை, வேகவைத்த முட்டை, மீன், பணியாரம் மாதிரியான மாவுப் பண்டம் எல்லாம் வைத்து, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் போன வருடம் ஒரு குடும்பம் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. யார் எந்த ஊர் என்று அந்த அம்மாள் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே போனார், இந்த மேட்டில் இருப்பவர் இன்ன கிராமம், அந்தச் சிலுவைக்காரர் இன்ன கிராமம் என்று. அவர் சொன்ன பெயர்களில் இரண்டு, எங்கள் தரவில் பூஜ்யம் போட்டிருக்கும் கிராமங்கள். கிளம்பும்போது கொஞ்சம் பண்டத்தை மேட்டின் மேலேயே விட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

நீங்கள் நேரில் பார்க்க நினைத்தால் ஆகஸ்ட் மாதம்தான் சரி. அந்த மாதத்தின் முதல் சனிக்கிழமை செட்டோ ராஜ்ஜிய தினம், 1994-லிருந்து நடக்கிறது, கிட்டத்தட்ட ஒவ்வொரு வருடமும் வேறு கிராமத்தில். அவர்களுடைய ராஜா பெக்கோ, பெட்செரி மடாலயத்தின் குகையில் உறங்குகிறார் என்பது நம்பிக்கை, அவர் சார்பில் ஒரு வருடம் பொறுப்பில் இருக்க ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். போட்டியிடுபவர்கள் ஆளுக்கொரு மரக்கட்டை மேல் ஏறி நிற்க, மக்கள் தங்களுக்குப் பிடித்தவர் பின்னால் போய் வரிசையாக நிற்பார்கள், எந்த வரிசை நீளமோ அவர் ஜெயித்தார். அப்புறம் 19-ம் தேதிக்கு ஒபினிட்சா. கல்லறையில் படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் உட்காருங்கள். கையில் அந்தக் கிராமப் பட்டியல் இருந்தால் எடுத்துப்போங்கள், எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அங்கே யாராவது ஒருவர் அது எங்கள் பாட்டி ஊர் என்பார்.